மார்ச் 10-இல் எடுத்த பை: கொரோனா காலத்துத் தமிழ்நாட்டு ரத்த வங்கி, ஒரு நிகழ்வு ஆய்வு

ரத்த வங்கியில் எங்கள் கண் முதலில் போவது தேதிக்குத்தான். ரத்தம் கட்டாமல் காக்கும் சிபிடிஏ கரைசல் உள்ள பையில் எடுத்த ரத்தம் 35 நாள் தாங்கும். எஸ்ஏஜிஎம் என்ற ஊட்டக் கரைசல் சேர்த்துப் பிரித்த சிவப்பணு 42 நாள். இந்தக் கணக்குப்படி 2020 மார்ச் 10 அன்று ஏதோ ஒரு கல்லூரி முகாமில் எடுத்த சிபிடிஏ பைக்கு ஏப்ரல் 14 அன்று ஆயுள் முடிகிறது. நாடு முழுக்க அறிவித்த 21 நாள் ஊரடங்கு முடிவதாக இருந்ததும் அதே ஏப்ரல் 14தான். ஊரடங்கு பிறகு மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனது. பையின் மேல் ஒட்டிய தேதியை நீட்ட யாராலும் முடியாது.

அந்த நாட்களில் நான் ஒரு மாவட்டத்து அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். கொரோனா வந்ததும் ரத்தம் ஏன் கிடைக்காமல் போனது என்று கேட்டால் பலரும் “ஜனங்க பயந்துட்டாங்க” என்று முடித்துவிடுகிறார்கள். பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான் அருகிலிருந்து பார்த்தவரை பெரிய காரணம் வேறு. நம் ஊரில் ரத்தம் கூட்டத்திலிருந்து வருகிறது. கல்லூரி, ஆலை, ஐடி கம்பெனி, கட்சிக்காரர் பிறந்தநாள், ரசிகர் மன்றம், கோயில், மசூதி, தேவாலயம் என்று ஏற்கெனவே ஒன்றுகூடி இருப்பவர்கள் நடுவே நாங்கள் கட்டிலைப் போடுகிறோம். கூடக் கூடாது என்ற உத்தரவு வந்ததும் கொடுக்க மனமிருந்தவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த பாதை அடைபட்டது. அதே சமயம் வார்டுகளிலும் தேவை குறைந்தது. குறைந்தது சரி, எப்போது குறைந்தது, எப்போது திரும்பியது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

கோடைக்கு முன்பே வந்த கோடை

ஏப்ரல், மே மாதங்களில் ரத்தம் குறைவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். கல்லூரியில் தேர்வு, பிறகு விடுமுறை. நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம் என்று முகாமுக்குப் பிள்ளைகளைத் திரட்டித் தரும் பொறுப்பாளர்கள் ஹால் டிக்கெட் வேலையில் இருப்பார்கள். அதனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முகாம்களை நெருக்கி வைத்துக்கொள்வோம். அப்படிச் சேர்த்தாலும் கோடை முழுக்கத் தாங்காது. காரணம் அதே 35 நாள். ஏப்ரல் கடைசியில் சில ஆலைகளையும் அமைப்புகளையும் கெஞ்சிக் கூத்தாடி ஒப்பேற்றுவோம்.

2020-இல் மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. நாங்கள் நெருக்கி வைத்திருந்த மார்ச் முகாம்கள் ஒவ்வொன்றாக ரத்தாகின. 22-ஆம் தேதி மக்கள் ஊரடங்கு, 25-இலிருந்து முழு ஊரடங்கு. ஆலையும் மூடல், அலுவலகமும் மூடல். கோடையில் ஒப்பேற்ற வைத்திருந்த கடைசிக் கதவும் சாத்தியாயிற்று.

இதில் யாரும் அவ்வளவாகப் பேசாத இன்னொரு அடி விழுந்தது. முகாம் இல்லாத நாட்களில் நோயாளியின் உறவினர்கள் வந்து கொடுப்பார்கள். தன் ஆளுக்கு எடுத்த ரத்தத்துக்கு ஈடாக ஒருவர் கொடுப்பதை வார்டில் ரீப்ளேஸ்மென்ட் என்போம். தன்னார்வக் கொடைதான் பாதுகாப்பானது, அதை நோக்கித்தான் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நெருக்கடியில் கைகொடுத்துக்கொண்டிருந்ததும் அதுதான். ஊரடங்கில் ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு உதவியாளர் என்ற கட்டுப்பாடு வந்தது. அந்த ஒருவரும் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ, ரத்தம் கொடுக்கத் தேவையான ஹீமோகுளோபின் 12.5-ஐத் தொடாதவர். சித்தப்பாவும் மாமாவும் ஊரில் இருக்கிறார்கள், பஸ் இல்லை. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்குள் பஸ் சரிவர ஓட 2020 செப்டம்பர் 1 ஆயிற்று. மாவட்டம் விட்டு மாவட்டம் செப்டம்பர் 7.

கடல் தாண்டியும் நிலைமை இதேதான். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் மார்ச் 17 அன்றே சொன்னது: ஏறக்குறைய 2,700 முகாம்கள் ரத்து, 86,000 கொடைகள் இழப்பு. அங்கும் கொடுப்பவர் மனம் மாறிவிடவில்லை, பள்ளியும் அலுவலகமும் மூடின. அவ்வளவு வசதி உள்ள நாட்டிலேயே முகாம் நின்ற சில நாட்களில் இந்த எண்ணிக்கை என்றால், பிரச்சினை நம் ஊரின் ஏழ்மையில் மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலில் தேக்கம், பிறகு பஞ்சம்

வெளியே இருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். முதல் வாரத்தில் எங்களிடம் ரத்தம் தேங்கியது. மார்ச் 20 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும்படி மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. மூட்டு மாற்று, குடலிறக்கம், கர்ப்பப்பை அகற்றல் என்று மறுவாரத்துக்குக் கேட்டிருந்த பைகளை ஒவ்வொரு துறையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சாலையில் வண்டி இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ரத்தம் கேட்டு ஓடிவரும் ஆர்த்தோ வார்டு ஆள் வரவே இல்லை.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு 5 நாள்தான் தாங்கும். 20 முதல் 24 டிகிரியில், இரவும் பகலும் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். நல்ல தட்டணுப் பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லத் திருப்பினால் உள்ளே பட்டுத்துணி அசைவதுபோல் ஒரு மினுமினுப்பு சுழலும். உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. மார்ச் கடைசி வாரத்தில் அந்தச் சுழல் நன்றாகத் தெரிந்த பைகளை, ஐந்தாம் நாள் தாண்டியதால் பதிவேட்டில் காலாவதி என்று எழுதி, கிருமி நீக்கி அழிக்க ஆட்டோகிளேவுக்கு அனுப்பினோம். கொடுத்தவர்களின் முகம் எனக்கு நினைவிருந்தது. மூன்று வாரம் கழித்து புற்றுநோய்ப் பிரிவிலிருந்து ஒரே ஒரு தட்டணுப் பை கேட்டார்கள், தட்டு காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

ரத்தம் என்று ஒரே சொல்லால் சொல்கிறோம், உள்ளே மூன்று தனித்தனிக் கணக்கு. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம் கிடக்கும், அதற்கு அப்போது தட்டுப்பாடே வரவில்லை. சிவப்பணுவுக்கு ஒரு மாதமும் சொச்சமும். தட்டணுவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. முகாம் நின்றதும் முதலில் தட்டணு தீர்ந்தது, அதற்கு ஒரு மாதம் கழித்து சிவப்பணு. செய்தியில் “ரத்தம் தட்டுப்பாடு” என்று வந்தபோது இந்த வரிசை யாருக்கும் புரியவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் “ஃப்ரிட்ஜ்ல இருக்கே, அப்புறம் என்ன பஞ்சம்” என்று எங்களிடமே கேட்டவர்கள் உண்டு.

தேவை எவ்வளவு குறைந்தது என்பதற்கு விபத்துக் கணக்கு ஓர் அளவுகோல். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பதிவில் 2019-இல் இந்தியா முழுக்க 4,49,002 விபத்துகள், 1,51,113 சாவுகள். 2020-இல் 3,66,138 விபத்துகள், 1,31,714 சாவுகள். விபத்து 18 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, சாவு 13 சதவீதம்கூடக் குறையவில்லை. வெறிச்சோடிய சாலையில் கொஞ்சம் வண்டிகள்தான் ஓடின, ஓடியவை வேகமாக ஓடின என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். எங்களுக்கு இதன் பொருள், லேசான காயங்கள் குறைந்த அளவுக்கு ரத்தம் கேட்கும் பெரிய காயங்கள் குறையவில்லை என்பது. மேலும் இது ஆண்டுக் கணக்கு. ஏப்ரலில் விழுந்த பள்ளமும் ஆண்டுக் கடைசியில் ஏறிய ஏற்றமும் ஒரே எண்ணில் கரைந்துவிடுகின்றன. ஜூன் மாதம் ஊரடங்கு தளர்ந்த மாவட்டங்களில் விபத்துகள் திரும்பின, தள்ளிவைத்த அறுவை சிகிச்சைகள் வரிசைகட்டி வந்தன. ஆனால் கல்லூரி திறக்கவில்லை. தேவை முன்னே போய்விட்டது, வரத்து பின்னாலேயே நின்றது. நாங்கள் மிகவும் தவித்தது முழு ஊரடங்கின்போது இல்லை, அது தளர்ந்த பிறகுதான்.

கொரோனா நோயாளிகளுக்கே நிறைய ரத்தம் தேவைப்படும் என்று முதலில் பயந்தோம். அப்படி ஆகவில்லை. அந்த நோயில் ரத்தம் உறைவதுதான் பெரிய தொல்லை, கசிவது குறைவு. நெடுநாள் ஐசியூவில் கிடந்தவர்களுக்கும் நுரையீரலின் வேலையைச் செய்யும் எக்மோ எந்திரத்தில் இருந்தவர்களுக்கும்தான் அதிகம் தேவைப்பட்டது. ரத்தம் ஏற்றுவதால் கொரோனா தொற்றியதாக நிரூபணமான நிகழ்வும் இல்லை. 2003-இல் சார்ஸ் வந்தபோதும் ரத்தம் வழியாக அது பரவியதில்லை.

காத்திருக்கத் தெரியாத நோய்

மூட்டு மாற்று சிகிச்சை ஆறு மாதம் காத்திருக்கும். பிரசவம் காத்திருக்காது. தமிழ்நாட்டில் அப்போது ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பிரசவம். எங்கள் சீமாங்க் (தாய்-சேய் அவசரச் சிகிச்சை) வார்டிலிருந்து ரத்தப்போக்கு என்று வரும் போன் ஊரடங்கிலும் அதே எண்ணிக்கையில்தான் வந்தது. லுகேமியாவுக்குக் கீமோ எடுப்பவர், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்பவர், கல்லீரல் கெட்டு ரத்த வாந்தி எடுப்பவர் என்று காத்திருக்க முடியாதவர்களின் வரிசை பெரிது. அதில் எனக்கு மிக நெருக்கமாகத் தெரிந்தவர்கள் தலசீமியா குழந்தைகள்.

இந்தக் குழந்தைகளின் உடம்பு சரியான ஹீமோகுளோபினைச் செய்யாது. 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்கச் சிவப்பணு ஏற்ற வேண்டும். ஏற்றும் முன் அளவு 9-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் தலசீமியா மேஜரோடு பிறக்கிறார்கள். இவர்களுக்கு எடுத்து அதிக நாள் ஆகாத ரத்தமாகப் பார்த்துக் கொடுப்போம். பழைய பையைக் கொடுத்தால் அந்தச் சிவப்பணு உடம்பில் சீக்கிரம் அழிந்து, குழந்தை முன்கூட்டியே திரும்பி வரும். தட்டுப்பாட்டில் முதலில் அடிபடுவது இந்தப் புது ரத்தம்தான். காலாவதி நெருங்கியதை முதலில் கொடு என்பது எங்கள் பொது விதி, இந்தக் குழந்தைகளுக்கு மட்டும் தலைகீழ்.

ஏப்ரல் நடுவில் ஒரு காலை. மலையடிவார ஊரிலிருந்து ஒரு தம்பதி, டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் நடுவே பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளை அப்பா தோளில் சாய்ந்திருந்தது, கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம்.

“சார், இருபத்தாறு நாளாச்சு சார். போன வாரமே வந்திருக்கணும். பஸ்ஸு இல்ல, வண்டி கேட்டா அம்புட்டுக் காசு கேக்குறாங்க” என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது, அதுதான் என்னைக் குடைந்தது.

பி பாசிட்டிவ். நம் ஊரில் அரிய வகை ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜில் பி பாசிட்டிவ் இரண்டு பை இருந்தது, இரண்டும் காலாவதியை எட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றைப் பிரசவ வார்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். எங்கள் மெடிக்கல் ஆபீசர் மேடம் பழைய முகாம் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். போன வருடம் கொடுத்த பி பாசிட்டிவ் பிள்ளைகளின் பெயர்களில் பென்சில் கோடு போட்டுக்கொண்டே போனை எடுத்தேன். நான்காவது ஆள் எடுத்தான்.

“தம்பி, ஜிஎச் ரத்த வங்கியில இருந்து பேசுறேன்ப்பா. போன வருசம் உங்க காலேஜ்ல குடுத்தியே, ஞாபகம் இருக்கா? ஒரு சின்னப் புள்ளைக்கு வேணும்.”

“வரேன்ணே. வழியில போலீஸ் நிப்பாட்டுனா என்ன சொல்ல?”

“லெட்டர் வாட்ஸ்அப்ல அனுப்புறேன். நிப்பாட்டுனா என் நம்பரப் போட்டுக் குடு, நான் பேசிக்கிறேன்.”

இரண்டு இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், இரண்டாவது இடத்தில் என்னிடம் பேசிவிட்டுத்தான் விட்டார்கள். வந்து கொடுத்தான். ஆனால் எடுத்ததை அப்படியே ஏற்றிவிட முடியாதே. எச்ஐவி, ஹெப்படைடிஸ் பி, ஹெப்படைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்தும் பார்த்து, பிரித்து, பிள்ளையின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று க்ராஸ் மேட்ச் போட்டு முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. பிள்ளைக்கு ஏற்றத் தொடங்கியபோது அம்மா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தார்.

போன் நோட்டு

அந்தக் காலையிலிருந்து எங்கள் வேலையின் இயல்பே மாறிவிட்டது. முகாமுக்குப் போய் ஒரே நாளில் நூறு பேரிடம் எடுத்து வந்தவர்கள், தினமும் நாலு பேரைப் போனில் அழைத்து, நேரம் பிரித்து வரவழைத்தோம். பழைய பதிவேடுகளிலிருந்து ரத்த வகை வாரியாகப் பெயர், ஊர், கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறியது. ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பதால் மார்ச் தொடக்க முகாமில் கொடுத்தவர்களை ஜூன் வரை கூப்பிட முடியாது. நம்பகமான ஆட்கள் பலர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

தேசிய குருதி மாற்றுக் குழுமம் மார்ச் 25-ஆம் தேதியே இடைக்கால வழிகாட்டுதலை வெளியிட்டிருந்தது. பெரிய கூட்டம் வேண்டாம், கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி விடு, தொற்று இருந்தவரும் தொடர்பில் இருந்தவரும் 28 நாள் கழித்து வரட்டும் என்பவை அதன் சாரம். ஏப்ரலில் அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன், கொடையாளரை வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விடும்படி செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சொன்னார். மேலே உத்தரவு தெளிவாகத்தான் இருந்தது. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் கைக்கு அது போய்ச் சேரவில்லை. மருந்துக்கடைக்குப் போகிறேன் என்றால் விட்டவர்கள், ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்றால் “யாருக்கு, எந்த வார்டு” என்று விசாரித்தார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு எல்லாரும் இதே காரணத்தைச் சொல்லத் தொடங்கினால் என்ன செய்வார்கள்.

பயம் பற்றிச் சொன்னேன் அல்லவா. அது ஊசிக்குப் பயமில்லை. எங்கள் ரத்த வங்கி மருத்துவமனை வளாகத்துக்கு நடுவில் இருக்கிறது, காய்ச்சல் வார்டைத் தாண்டித்தான் வர வேண்டும். கொடுக்கிறேன் என்ற பிள்ளையிடமிருந்து போனை வாங்கி “ஐயா, அங்க வரணும்னா வேணாங்கய்யா, வீட்ல வயசானவங்க இருக்காங்க” என்று அவன் அம்மா சொன்னது நியாயமான பேச்சு. பின்வாசலைத் திறந்து, தனிப் பாதை விட்டு, அங்கேயே கை கழுவத் தொட்டி வைத்த பிறகு வருகிறவர்கள் கூடினார்கள். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது. இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று இன்னும் எனக்கு ஆதங்கம் உண்டு.

வார்டில் கற்றுக்கொண்டது

பற்றாக்குறையின் நடுவே உருப்படியாக நடந்த ஒன்று, டாக்டர்கள் ரத்தம் கேட்கும் விதம் மாறியது. அறுவை சிகிச்சை என்றால் “எதுக்கும் ரெண்டு யூனிட் க்ராஸ் மேட்ச் போட்டு வைங்க” என்பது வழக்கம். அந்த இரண்டும் அந்த நோயாளியின் பெயரில் ஒதுங்கிக் கிடக்கும், பெரும்பாலும் பயன்படாமலே திரும்பும், அதற்குள் இரண்டு மூன்று நாள் ஆயுள் போயிருக்கும். 2020-இல் எங்கள் மேடம் ஒவ்வொரு துறைக்கும் நேரில் போய்ப் பேசினார். வகை பார்த்து எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சோதனை மட்டும் செய்து வைப்போம், தேவைப்பட்டால் சில நிமிடங்களில் பை தருகிறோம் என்றார். முணுமுணுப்போடு ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, எந்த அளவில் ரத்தம் ஏற்றுவது என்பது. 1999-இல் கனடாவில் தீவிர சிகிச்சை நோயாளிகள் 838 பேரை வைத்து நடத்திய ஆய்வே, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் போனால் மட்டும் ஏற்றுவது, 10-லேயே ஏற்றுவதைவிடக் கெடுதல் இல்லை என்று காட்டிவிட்டது. இருபது வருடமாகப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் 8.5 இருக்கும் நோயாளிக்கு “டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுடுவோம்” என்ற சீட்டு வந்துகொண்டேதான் இருந்தது. தட்டுப்பாடு வந்ததும் அந்தச் சீட்டு நின்றது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து ஊசியை முன்கூட்டியே போடுவதில் கண்டிப்பு கூடியது. ரத்தப்போக்கு தொடங்கிய 3 மணி நேரத்துக்குள், அதைக் கட்டுப்படுத்தும் டிரனெக்சாமிக் ஆசிட் மருந்தைக் கொடுப்பதும் அப்படியே. 2017-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு அதன் பலனை ஏற்கெனவே சொல்லியிருந்தது.

வேண்டாத இடத்தில் ஏற்றாமல் இருப்பது நோயாளிக்கு நல்லது. ஏற்றும் ஒவ்வொரு பையிலும் ஒவ்வாமைக்கும் பிழைக்கும் இடமிருக்கிறது. இந்தப் பழக்கத்தை நெருக்கடி தீர்ந்ததும் கைவிட்டது எனக்கு வருத்தம். 2022-க்குள் எங்கள் ஒதுக்கீட்டுத் தட்டு பழையபடி நிறைந்துவிட்டது.

பிளாஸ்மா பின்னால் ஓடிய மாதங்கள்

2020 ஜூன் தொடங்கி எங்கள் போனில் கேள்வி மாறியது: “பிளாஸ்மா கிடைக்குமா?” கொரோனாவிலிருந்து மீண்டவரின் பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் இருக்கும், அதை ஏற்றினால் நோயாளி பிழைப்பார் என்ற நம்பிக்கை. ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் டெல்லியில் திறந்திருந்தது.

மருத்துவ ஆராய்ச்சிக்கான மத்திய அமைப்பான ஐசிஎம்ஆர் இதை ஒழுங்காகச் சோதித்தது. ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை, நாடெங்கும் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு 200 மி.லி. பிளாஸ்மா இரண்டு முறை, மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் முதல் பிரிவில் 44 பேர், இரண்டாம் பிரிவில் 41 பேர். பலன் தெரியவில்லை. அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. அதன் பிறகும் இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல், மே மாதங்களில், மூச்சு முட்டிக் கிடக்கும் அப்பாவுக்காகப் பிள்ளைகள் விடிய விடியப் பிளாஸ்மா தேடிப் போன் போட்டார்கள். சிகிச்சை நெறிமுறையிலிருந்து அதை நீக்கியது 2021 மே 17 அன்றுதான்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. ஆய்வு முடிவு கையில் இருந்தும் சீட்டு எழுதிக்கொடுத்தவர்கள் மேல் உண்டு. முதன்முறையாகக் கொடைக்கென்று முன்வந்த எத்தனையோ பேர் அந்த வரிசையில் நின்றார்கள். அதே மாதங்களில், பலன் நிச்சயமாகத் தெரிந்த சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் ஆள் தேடி நாங்கள் அலைந்தோம்.

ஊசியும் 28 நாளும்

2021 மார்ச்சில் ஒரு விதி வந்தது. கொரோனா தடுப்பூசியின் கடைசித் தவணைக்குப் பிறகு 28 நாள் ரத்தம் கொடுக்கக் கூடாது. எச்சரிக்கை உணர்வோடு போட்ட விதிதான். ஆனால் காலண்டரில் வைத்துப் பார்த்தால் வயிறு கலங்கியது. கோவிஷீல்டு தவணைகளுக்கு நடுவே அப்போது 6 முதல் 8 வாரம். முதல் தவணை போட்டதிலிருந்து ஒதுங்கினால் 42 முதல் 56 நாள், மேலும் 28, ஆக 70 முதல் 84 நாள். மே 1 முதல் 18 வயது கடந்தவர்களுக்கும் தடுப்பூசி என்று அறிவிப்பும் வந்தது. எங்கள் கொடையாளர்கள் எல்லாருமே அந்த வயதுதான்.

“ஊசிக்கு முன்னாடி ஒரு தடவ ரத்தம் குடுத்துட்டுப் போங்க” என்று நாடெங்கும் எல்லாரும் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். எங்கள் நோட்டில் இருந்த பலர் அதைக் கேட்டு வந்தார்கள். மே 5 அன்று விதி திருத்தப்பட்டது: ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் 14 நாள் போதும். ஒரு வாரத்தில், மே 13 அன்று, கோவிஷீல்டு இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டினார்கள். பழைய விதி அப்படியே இருந்திருந்தால் ஓர் இளைஞன் நான்கரை மாதம் வரை ஒதுங்கியிருக்க வேண்டும். அந்தத் திருத்தம் வந்த அன்று எங்கள் அறையில் கைதட்டினோம்.

அதற்குள் தமிழ்நாட்டில் மே 10 முதல் மறுபடி ஊரடங்கு, 24 முதல் மளிகைக் கடைகூட இல்லாத முழு அடைப்பு. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 தொற்று. முதல் அலையில் வீட்டில் இருந்த கொடையாளர்கள் இந்த அலையில் நோயில் இருந்தார்கள். கருப்புப் பூஞ்சை வந்தவர்களுக்கு முகத்திலும் மூக்கிலும் அறுவை சிகிச்சை நடந்தது, அவர்களுக்குக் கொடுக்கும் ஆம்போடெரிசின் மருந்து ரத்தசோகையையும் கொண்டுவரும். அதற்கும் பை போனது. 2020 ஏப்ரலைப் போல வெறுங்கையோடு நிற்கவில்லை என்றால் அதற்கு அந்த நீள நோட்டுதான் காரணம்.

இரண்டு ஆண்டுப் பிள்ளைகள்

இந்த நிகழ்வில் மெதுவாக வெளியே தெரிந்த சேதம் ஒன்று உண்டு. நம் ஊரில் ஒருவர் ரத்தம் கொடுக்கப் பழகுவது பெரும்பாலும் 18 வயதில், கல்லூரி முதலாம் ஆண்டு முகாமில், நண்பன் கையைப் பிடித்து இழுத்துப் போவதால். அன்று கொடுத்தவர்தான் பத்து வருடம் கழித்துப் போன் போட்டால் எழுந்து வருகிறவர். தமிழ்நாட்டில் 2020 டிசம்பரில் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கும், 2021 பிப்ரவரியில் மற்றவர்களுக்கும் கல்லூரி திறந்தது. மார்ச்சில் மறுபடி பூட்டினார்கள். மீண்டும் திறந்தது 2021 செப்டம்பர் 1. நடுவே சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்த முதல் முகாமே நடக்கவில்லை.

அமெரிக்காவில் இதற்கு எண் இருக்கிறது. 2022 ஜனவரியில் அவர்களின் செஞ்சிலுவைச் சங்கம், தன் வரலாற்றில் முதல்முறையாக நாடு தழுவிய ரத்த நெருக்கடியை அறிவித்தது. பள்ளி, கல்லூரி முகாம்கள் 62 சதவீதம் குறைந்திருந்தன. கொடையாளர்களில் மாணவர்கள் 2019-இல் சுமார் 25 சதவீதம், பெருந்தொற்றில் சுமார் 10 சதவீதம்.

கல்லூரிகள் திறந்த பிறகு எங்கள் முதல் முகாம் அக்டோபரில், ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில். படிவத்தில் புதிதாக ஒரு வரி: கடைசித் தடுப்பூசி போட்ட தேதி. வரிசையில் நின்றவர்கள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள், கல்லூரிக்குள் சில வாரங்கள் மட்டுமே இருந்தவர்கள், பக்கத்தில் நிற்பவனின் பெயரே சிலருக்குத் தெரியவில்லை. இதற்கு முன்பு கொடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். யாரும் தூக்கவில்லை. பின்னால் நின்ற பேராசிரியர் மட்டும் தூக்கினார்.

முதலில் வந்த பையன் விரலை நீட்டினான். குத்தி எடுத்த சொட்டை நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விட்டேன். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் சொட்டு நேரே கீழே போகும், குறைந்தால் தயங்கி மேலே வரும். அவன் குனிந்து கண்ணாடிக் குப்பியையே பார்த்தான்.

“மூழ்கிருச்சுண்ணே. இது நல்லதா, கெட்டதா?”

“நல்லது தம்பி. போய்ப் படு” என்றேன். அவன் நம்பரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.